மூளைமேல் போட்ட பழி

காஜா பெராங், மலாக்கா
12-3-2603 (ஜப்பான்காரன் கணக்கு; நம் கணக்கில் 1943)

அன்புள்ள அன்னபூரணிக்கு,

நலம். கிளேபாங்கில் உன் அக்கா ருக்மணி வீட்டில் நீயும் நலமாக இருப்பாய். நீ போய் இருபது நாளாகிறது. மரவள்ளிக் கிழங்கு தின்று தின்று என் நாக்கே செத்துவிட்டது.

நேற்று ஆஸ்பத்திரி டிரெசர் நடராஜனிடம் இன்சுலின் வாங்கப் போனபோது, அன்று ஊசி போட்ட பிறகு நான் தட்டை வீசி உன்னைத் திட்டியதைச் சொன்னேன். மூளைக்குச் சர்க்கரைதான் சோறாம். இரத்தத்தில் அது இறங்கினால் மூளை உடனே வியர்க்க வைத்து, கை நடுங்க வைத்து, ஈரலில் இருக்கும் சர்க்கரையை அவிழ்த்துவிடச் சொல்லுமாம். ஊசியின் வேகம் அதையும் மீறினால், மூளையே பட்டினி கிடந்து, மனிதன் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுவானாம். இதில் என் குற்றம் என்ன, சொல்? வந்துவிடு. நான் மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லை.

இப்படிக்கு,
மருதப்பன்

கிளேபாங்
17-3-2603

அத்தானுக்கு வணக்கம்.

கடிதத்தை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அடேயப்பா, என்ன படிப்பு! தட்டு பறந்ததை நான் அன்றே மறந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டிய உங்களுக்குக் கருப்பட்டி கரைத்துப் புகட்டியது யார்? அதற்காகவா வீட்டை விட்டு வந்தேன்?

மூன்றாம் நாள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பக்கத்து வீட்டு அப்பாசாமியிடம், "பிள்ள பெறாதவளுக்குப் பங்கீட்டு அரிசி எதுக்குப்பா? தண்டச்சோறு" என்று சிரித்தீர்களே, அப்போது உங்கள் மூளைக்கு என்ன குறைச்சல்? அடுப்படியில் கஞ்சித் தண்ணீரோடு நின்று கேட்டேன். அதற்குத்தான் வந்தேன்.

இதையும் டிரெசரிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்னபூரணி

காஜா பெராங்
25-3-2603

அன்னம்,

கேட்கவில்லை. அன்று என் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னது நான்தான். ஊசி போட்டவன் பசித்திருக்கக் கூடாதென்று உன் பங்கையும் எனக்கே போட்டாய். தெரிந்தேதான் தின்றேன். தின்றுவிட்டு அப்படிப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது. நேற்று அப்பாசாமியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவன் எழுந்து போனான்.

வா என்று கேட்க வாய் வரவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மருதப்பன்

கிளேபாங்
30-3-2603

அத்தானுக்கு,

உங்களுடைய இந்தக் கடிதத்தை அக்காவுக்குக் காட்டவில்லை. இரண்டு நாள் அழுதேன், போதும்.

சனிக்கிழமை மதியம் வருகிறேன். பங்கீட்டு அரிசியை வடித்து வையுங்கள். குழையவிட்டால் சண்டைதான். முதல் தட்டு எனக்கு. நீங்கள்தான் பரிமாற வேண்டும். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு ஊசி போட்டுக்கொண்டு நீங்கள் உட்காருங்கள்.

அன்னபூரணி