சூடே ஆகாத மோட்டார்

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன், எழுப்பல. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. ரிமோட் கார் பேட்டரி ரெண்டும் சார்ஜ் ஏத்தியாச்சு. போகும்போது வீட்டுச் சாவியப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுங்க.

இன்னிக்கு ரேஸ்ல உங்க மச்சான் காரை முந்தியே ஆகணும், புரியுது. என் தம்பிதான், ஆனா ஜெயிச்சுட்டு அவன் சிரிக்கறது எனக்கும் எரிச்சல்தான். அதுக்காக மோட்டார்ல பெரிய பல்சக்கரமா மாட்டினா? வேகம் வரும், கூடவே சூடும் வரும். போன மோட்டார் அப்படித்தான் கருகிச்சு. இப்ப இருக்கறது இது ஒண்ணுதான்.

நேத்து சாயங்காலம் தெருவுல ஓட்டிப் பார்த்துட்டு, "தொட்டுப் பார்த்தேன், சூடே ஆகல"ன்னீங்க. வேண்டாம்னதுக்கு, "நீயா ஓட்டப் போற?"ன்னு கேட்டீங்க. அது இன்னும் உறுத்துது.

சூடு பார்க்கற மீட்டர் பையிலேயே கிடந்துச்சு. அத எடுக்கவே இல்ல நீங்க. ராத்திரி சோத்த ஸ்பூன்ல சாப்பிட்டீங்க, கல்யாணமாகி இதான் முதல் தடவை. தூங்கினப்புறம் பார்த்தேன், விரல் ரெண்டும் கொப்பளிச்சிருக்கு. மருந்து தடவினேன், நீங்க அசையக்கூட இல்ல.

சின்னச் சக்கரம் சர்க்கரை டப்பா மூடி மேல இருக்கு. நான் மாத்தி மாட்டல. ஓட்டப் போறது நீங்கதானே.

திருப்புளி ஜன்னல் மேல. வலிச்சா இடது கையால திருகுங்க.

ஃபைனலுக்குள்ள வந்துடுவேன். மோட்டார் சூடாச்சான்னு உங்ககிட்ட கேட்க மாட்டேன். கையக் காட்டுங்க, போதும்.