கடைசிக் குழியில் நான் நின்ற இடம்

குன்சான்
மே 16

அன்பு மகள் சொதாமுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அம்மா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை, அதைக் கீழே சொல்கிறேன். மூன்று வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை. எடுக்காதது சரிதான். அம்மாவின் போனுக்கு நீ அனுப்பும் ‘சாப்பிட்டேன்’, ‘தூங்கப் போறேன்’ எல்லாவற்றையும் அவள் சமையலறையிலிருந்து சத்தமாகப் படிக்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான். பெற்றோர் தினத்துக்கு நீ அனுப்பிய சிவப்புக் கார்னேஷன் வந்தது. அட்டையில் அம்மா பெயர் மட்டும் இருந்தது. அவள் ஒரு பூவை உருவி என் சட்டையில் குத்தப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கியூரினின் அப்பா குவாக் கையில் கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அவர்கள் இரண்டு பேரும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். போட்டியில் உன் இடத்தைப் பிடித்த பெண்ணின் அப்பா கையில் கொடுத்தா என்று உனக்குக் கோபம் வரும். தபாலை நம்பப் பயமாக இருந்தது, வேறு ஆள் எனக்கு இல்லை.

குவாக்கிடம் கேட்கப் போனபோது அவன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, எம்பொண்ணு தேறிட்டான்னு தெருவுல சொல்லிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. தண்டனையாச் சேத்த ரெண்டு அடியில போச்சு. சொதாம் வாயைத் தொறக்காம இருந்திருந்தா எம்பொண்ணும் அவளும் ஒருக்கா மோதிப் பாத்திருப்பாங்க, யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்” என்றான். கெட்ட மனிதன் இல்லை. அவன் பெண் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே உட்காரவில்லை.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நான் ஒட்டி வைத்த தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் கோல்ஃப் போட்டிக்கு யார் யார் எந்த வழியில் உள்ளே போகலாம் என்று நான் கையால் எழுதியது. முன்பு பட்டம் வென்றவர்கள் ஒரு வழி, போன வருடம் முதல் பத்து இடத்துக்குள் முடித்தவர்கள் ஒரு வழி, உலக வரிசையில் மேலே இருப்பவர்கள் ஒரு வழி. அவர்கள் எல்லோரும் நடந்தே உள்ளே போய்விடுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கடைசி வரி மட்டும்தான்: தகுதிச் சுற்று, ஒரே நாளில் முப்பத்தாறு குழி, இந்த நாட்டுக்கு இரண்டு இடம். அந்த வரிக்கு அடியில் நான் சிவப்பு மசியில் கோடு போட்டிருந்தேன். தகுதிச் சுற்று நடந்த அன்றைக்குக் காலையில் என் பிறந்தநாளாக இருந்தும் அம்மா கடற்பாசிச் சூப் வைக்கவில்லை, பரீட்சை நாளில் வழுக்கும் பொருள் ஆகாது என்று முள்ளங்கிச் சூப் வைத்தாள். வெற்றி ஒட்டிக்கொள்ளட்டும் என்று வாயில் ஒட்டும் மிட்டாய் இரண்டை உன் பையில் போட்டாள். எதையும் விட்டுவைக்கவில்லை பாவம். பிசகு சூப்பில் இல்லை, உன் மட்டைப் பையைத் தூக்கிய என்னிடம் இருந்தது.

மாற்றுப் பட்டியலில் உன் பெயர் நாலாவதாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். இந்த நாட்டுச் சுற்றில் மூன்றாவதாக வந்ததற்கு அதுதான் கூலி. நாலு பேர் காலை உடைத்துக்கொண்டால்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். உனக்கு நான் பொய் நம்பிக்கை சொல்லப் போவதில்லை, கூப்பிட மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் அம்மா அந்தப் பட்டியலைப் போனில் திறந்து பார்க்கிறாள், நாலு நாலாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக நான் எழுதவில்லை. போன ஞாயிறு நீ அம்மாவிடம் பேசியதை அவள் எனக்குச் சொல்லாமல் மூன்று நாள் மறைத்தாள், பிறகு அழுதுகொண்டே சொன்னாள். “குழிகிட்ட போனாலே என் கண்ணை என்னால நம்ப முடியலம்மா. நேர் எதுன்னே தெரியல. இந்தத் தடவ கூப்பிடலன்னா வந்துடறேன், ஜியோஞ்சு ஊர்ல மாமாவோட கோல்ஃப் கடையில பசங்களுக்கு ஆடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துடறேன்” என்றாயாமே. அதைக் கேட்ட பிறகுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுதாமலே இருந்துவிடலாம் என்றும் இரண்டு நாள் யோசித்தேன், அதையும் ஒளிக்கவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டுகிறேன் இல்லையா, அந்த வண்டியைப் போன மாதத்தில் இரண்டு தடவை வலைக்கம்பத்தில் உரசிவிட்டேன். முப்பது வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட இடிக்காதவன். முதலாளி, “பெரியவரே, கம்பம் நகரல, நீங்கதான் நகர்ந்தீங்க. கண்ணைக் காட்டிட்டு வாங்க, இல்லாட்டி சாவியை வெச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார். கண் மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண் மருத்துவர், உன் வயதுதான் இருக்கும், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப் புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். நான் பார்த்துவிட்டு, “இதை எவன் அச்சடிச்சான், நடுவுல கோடெல்லாம் வளைஞ்சு கெடக்கே, வேற நல்ல தாள் குடுங்க” என்றேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தாள் எடுத்தாள், அதுவும் வளைந்திருந்தது. அடுத்து வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள். அதே தாள், அத்தனை கோடும் ரூல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருந்தது. வலது கண்ணில் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, குறைந்தது ஆறேழு மாதமாக இருக்கும் என்றாள். கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், ஒன்று போட்டாயிற்று. இனி மோசமாகாமல் தடுக்கலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டாள். நீ பயப்படாதே, குருடாகவில்லை. டிவி பார்க்கிறேன், அம்மா மூஞ்சி தெரிகிறது. “நல்ல கண்ணு இருந்தப்போ மட்டும் என்னைப் பாத்தீங்களாக்கும்” என்று அவள் கேட்கிறாள்.

ஆறேழு மாதம் என்று அந்தப் பெண் சொன்னதும் நான் விரல் விட்டு எண்ணினேன். நவம்பர். நீ சீசன் முடிந்து வீட்டுக்கு வந்த மாதம். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று நாலு மாதம் தினமும் காலையும் மாலையும் நான் உன் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் இடது, இன்னும் ஒரு நூல் இடது, ஆங், இப்ப நேர்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் மூடுவது இடது கண்ணைத்தான், உனக்குத் தெரியும். “அப்பா, இது எனக்குக் கோணலாத் தெரியுதே” என்று நீ முதல் வாரத்திலேயே சொன்னாய். “உனக்குக் கோணலாத்தான் தெரியும், அதைச் சரி பண்ணத்தான் நான் இருக்கேன்” என்றேன். மார்ச்சில் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனாய், போட்டிக்குப் போட்டி எல்லாப் பந்தும் இடது பக்கமே போயிற்று. உன் பயிற்சியாளர் உன் குறி இடது பக்கம் சாய்கிறது என்று சொன்னபோது, அந்த ஆளை மாற்றிவிடு என்று சொன்னவனும் நான்தான்.

மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. குவாக்கைப் பயிற்சி மைதானத்துக்கு வரச் சொன்னேன். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அவன் நிற்க, நான் பந்துக்குப் பின்னால் குந்தி, பழக்கப்படி இடது கண்ணை மூடி, குச்சி நேர்க்கோட்டுக்கு வந்ததும் நில் என்று சொன்னேன். பிறகு பந்திலிருந்து குழிவரை நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தான். இருபது தடவை செய்தோம். இருபது தடவையும் குச்சி நூலுக்கு இடது பக்கம் மூன்று விரல், நாலு விரல் தள்ளியே இருந்தது. குவாக் நூலைச் சுருட்டிக்கொண்டு, “போதும்ணே, வீட்டுக்குப் போகலாம்” என்றான்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். தகுதிச் சுற்றுக்கென்று நீ இங்கே வந்தாயே, அதில் கடைசிக் குழி. நீ இரண்டாவது இடத்தில் கியூரினோடு சமமாக நின்றாய், ஒன்பது அடி தூரத்துப் பந்து, அது விழுந்தால் உள்ளே போய்விடுவாய், தவறினால் நீங்கள் இருவரும் மறுபடி மோத வேண்டும். பந்து அடிப்பவள் கால் வைத்து நிற்கத் தொடங்கிவிட்டால் பை தூக்குபவன் அவளுக்குப் பின்னால் கோட்டுக்கு நேராக நிற்கக் கூடாது, விலகிவிட வேண்டும். விதி மாறி எத்தனையோ வருஷம் ஆயிற்று, அதை உனக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஞாபகப்படுத்துகிறவனே நான். அன்றைக்கு நான் விலகவில்லை. நீ கால் வைத்து நின்ற பிறகும் பின்னாலேயே குந்தியிருந்து, உதடு அசையாமல் ‘இடது’ என்றேன். நீ ஒரு விநாடி தயங்கினாய். பிறகு மட்டையை இடது பக்கம் திருப்பி அடித்தாய். பந்து குழியின் இடது விளிம்பைக்கூடத் தொடாமல் போயிற்று.

அதை யாரும் பார்க்கவில்லை. குவாக் தன் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான், நடுவர் அடுத்த குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கணக்கு அட்டையில் கையெழுத்துப் போடும் கூடாரத்தில் நீயேதான், “நான் நின்னப்ப எங்கப்பா பின்னாடி இருந்தாரு. ரெண்டு அடி தண்டனையாச் சேத்துக்குங்க” என்று சொன்னாய். காரில் வரும்போது நான் உன்னிடம் சொன்னதைத் திரும்ப இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாய் என்றும், பதினாறு வருஷம் பை தூக்கியவனை ஊர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றும் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம், பழக்கதோஷம், சின்ன வயதிலிருந்து பின்னால் நின்றே பழகிவிட்டேன், விலக மறந்துவிட்டேன் என்று சொன்னேன். குவாக்கிடமும் அதையேதான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

நான் மறக்கவில்லை சொதாம். விலக வேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரியும். நீ வலது பக்கமாகக் குறி வைத்து நிற்கிறாய் என்று என் கண்ணுக்குப் பட்டது, இவளை விட்டால் இதைக் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தேன், நடுவர் அந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதையும் பார்த்துக்கொண்டேன், அங்கேயே இருந்தேன். என் பெண்ணால் நேராக நிற்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் கோத்தது என் குற்றம் இல்லை என்று அம்மா சொல்கிறாள். இருக்கட்டும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என் குற்றம், அதற்கு ஊசி கிடையாது.

ஆகையால் நீ நிறுத்துவதாக இருந்தால் நிறுத்து, நான் குறுக்கே வர மாட்டேன். அலுத்துவிட்டது என்று நிறுத்து, கை வலிக்கிறது என்று நிறுத்து, அப்பன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்று நிறுத்து, எல்லாம் நியாயம். கண் சரியில்லை என்று மட்டும் நிறுத்தாதே. என் பேச்சை இனி நீ நம்ப வேண்டாம். குவாக்கைக் கேள், நூலைப் பிடித்தவன் அவன், அவனுக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை. நாலு மாதம் நான் கெடுத்ததை உன்னால் எத்தனை மாதத்தில் கழற்றிப் போட முடியும், முடியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உனக்கு இருபத்தாறு வயது ஆகிறது, அடுத்த தகுதிச் சுற்றுக்கு ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் உனக்கு ஆட இடம் இருக்குமா என்பதும் தெரியவில்லை. நல்லது நடக்கும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

எந்த நாட்டு மண்ணில் நின்றாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நூறு வயது இருந்து நல்ல சோறு தின்று நிம்மதியாகத் தூங்கு. அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளும் காய்ந்த நெத்திலியும் குவாக்கின் பெட்டியில் இருக்கின்றன, மறக்காமல் வாங்கிக்கொள், கியூரினோடு முகம் கொடுத்துப் பேசு, அவள் உனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாமாம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள் என்று அந்த மருத்துவர் சொன்னாள், தள்ளிப்போடாதே. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அன்றைக்கு அந்தக் கடைசிக் குழியில் நான் வாயைத் திறப்பதற்கு முன் நீ நின்றாய் அல்லவா, அந்த நிலை சரி. பந்து உள்ளே போயிருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பியோன் யோங்தே