பேய்க்குக் கொடுத்த நடை

செவ்வாய் இரவு, கராச்சர்மா, அந்தமான்

அந்தச் சிரிப்புப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. இன்று செல்போனில் அதன் பேட்டியைப் பார்த்தேன். பேயின் நொண்டி நடை எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். "அந்தமான்ல எங்களுக்குச் சமைச்சுப் போட்ட அக்காகிட்ட" என்றாள் பேயாக நடித்த நடிகை. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அக்கா நான்தான். அந்த நொண்டி நடையும் என்னுடையதுதான். "லைட் பார்க்கணும், கொஞ்சம் நடங்கக்கா" என்று சொல்லி என்னைப் படம் பிடித்தவள் உதவி இயக்குநர் ரேவதி. படப்பிடிப்பு முடியும்வரை என் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

அவளுக்குப் போன் செய்தேன்.

"சாரிக்கா. உண்மையச் சொன்னா நடக்க மாட்டீங்கன்னுதான்..."

"கேட்டிருந்தா நானே சொல்லிக்கொடுத்திருப்பேன், ரேவதி."

நான் போனை வைத்துவிட்டேன்.

மகளுக்கு எதுவும் தெரியாது. "படம் வந்ததும் மொத நாளே போலாம்மா" என்கிறாள். தூக்கம் வருகிறது என்று சொல்லி விளக்கை அணைக்கச் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள். செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.