வாசலில் வைத்த காவல்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சாத்தாங்காட்டில் லாரி நெரிசல், யார்டு ஆபீஸுக்குத் தாமதம். மதியம் ஒருவழியாக டொமைன் செட்டிங்கை மாற்றிவிட்டேன். இனி கேஸ் நாற்றப் புகார் போடும் எங்கள் ‘நாத்தம்’ இணையப் பக்கத்துக்கு வருகிற யாரும் நேராக சர்வருக்குப் போக முடியாது. நடுவில் ப்ராக்ஸி. ஃபாக்டரி கேட் வாட்ச்மேன் மாதிரி, அவன் பார்த்து விட்டால்தான் உள்ளே.

எதற்கு இதெல்லாம்? ஏதோ மெஷின்கள் தினமும் பொய்ப் புகாராகக் கொட்டுகின்றன. சர்வர் மலிவுச் சரக்கு, படுத்துவிடுகிறது. போன தடவை எண்ணூர் பக்கம் கேஸ் நாற்றம் வந்தபோதும் படுத்தே கிடந்தது. ஒரு தெருவிலிருந்து பத்துப் புகார் சேர்ந்தால் சுற்றியுள்ள எல்லோர் போனுக்கும் எச்சரிக்கை போகும். ஜன்னலைச் சாத்த, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட அதுதான் நேரம் கொடுக்கிறது.

நவ. 12, புதன்

ப்ராக்ஸி வேலை செய்கிறதென்று பச்சை டிக் வந்துவிட்டது. பக்கம் பறக்கிறது. ஒரு விதியும் போட்டேன்: ஒரே இணைப்பிலிருந்து அடுத்தடுத்து மூன்று புகாருக்கு மேல் வந்தால் மெஷினாக இருக்கும், மனிதன்தானா என்று சோதித்துவிட்டு விடு.

சேகர் போனில். பெரம்பூர்க்காரன், பக்கத்தை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறவன். “செம மாமு. இனி எவனும் கைய வெக்க முடியாது.”

கர்வம்தான். மறைப்பானேன்.

வாங்க: பல்பு, அம்மா மாத்திரை, கொசுவத்தி.

நவ. 14, வெள்ளி

வெயில். பொய்ப் புகார் சுத்தமாக நின்றது. அம்மா மாத்திரை மறந்தேன், திட்டு.

நவ. 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

விடியற்காலை எண்ணூரில், ஃபாக்டரி சுவரை ஒட்டிய தெருவில் கேஸ். நான் ராயபுரம் சர்ச்சில், பூசையில். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வெளியே வந்தபின் சேகர் கூப்பிட்டுத்தான் தெரிந்தது. பக்கம் படுத்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு நொடிகூட இல்லை.

அந்தத் தெருவுக்கு நெட் என்றால் தையல் கடை ஜபீனா அக்காவின் போன்தான். ஹாட்ஸ்பாட்டை அணைக்கவே மாட்டார். ரீசார்ஜ் தீர்ந்தவர்கள் எல்லாம் அதில். நானே அந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறேன்! வீடு வீடாகப் புகார் அனுப்பியிருக்கிறார்கள். ப்ராக்ஸிக்கு எல்லாம் ஒரே இணைப்பு. மூன்றை விட்டது, மீதியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது. பத்து சேரவே இல்லை, எச்சரிக்கையும் போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அக்காவின் சின்ன மகள் ஷாஹின் ஆஸ்பத்திரியில். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

நவ. 17, திங்கள்

லீவு. ஆஸ்பத்திரி. ஷாஹின் கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாளாம். வராந்தாவில் அழுதேன்.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“அமுக்கிகினே கீறேன்பா. நீ மனுசனான்னு கேக்குது. பஸ்சு எங்க கீதுன்னு படத்துல தொடச் சொல்லுது. கண்ணு எரியுது, படம் இன்னாத்தத் தெரியும்? புள்ளயத் தூக்குறதா, பஸ்ஸத் தேடுறதா?”

“நான் போட்டதுதான்க்கா அது” என்றேன். விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் வோணாம். உன் நம்பரக் குடு.”

இதுவரை அங்கே யாருக்கும் கொடுத்ததில்லை. எதுவானாலும் பக்கத்தில் போடுங்கள் என்று சொல்லிவிடுவேன். கொடுத்தேன்.

நவ. 18, செவ்வாய்

மறுபடி மழை. விதியை எடுத்துவிட்டேன். ப்ராக்ஸி இருக்கிறது, ஆனால் யாரையும் எதுவும் கேட்காது. சாயங்காலத்துக்குள் குப்பை குவிந்துவிட்டது. பொய்ப் புகாரை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குகிறேன். சேகர்: “பேஜாரு மாமு. எத்தினி நாளைக்கு இப்டி?” எனக்கும் தெரியாது.

ஷாஹின் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல் மட்டும் விடவில்லை.

நவ. 20, வியாழன்

விடிந்தும் விடியாமல் போன். ஜபீனா அக்கா. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“நாத்தமாக்கா? எந்தப் பக்கம்?”

“நாத்தம் ஒண்ணும் இல்லபா. நீ எடுக்கிறியான்னு பாத்தேன்.”

வைத்துவிட்டார்.