முப்பது இறாத்தல் காற்று

நாற்பத்தொரு வருடம் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய என் சேவியருக்கு,

நீங்கள் போய் இந்த ஆவணியுடன் இரண்டு வருடம் ஆகிறது. கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் ஒழுங்காகக் கொண்டு வந்தேன். ஆனால் உங்களோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவ்வளவு கோபம். இப்போதும் கோபம்தான், காரணம் மட்டும் மாறிவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கோயில் சஞ்சிகையில் போடும்படி கேட்கப்போகிறேன். உங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோரும் அதை வாசிப்பவர்கள். செத்த வீட்டில் சொன்னேன், முப்பத்தோராம் நாள் சொன்னேன். முதலாம் ஆண்டுத் திருப்பலி முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் சொன்னேன்: "சேவியர் கஞ்சத்தனத்தால போனவர். வேனுக்கு மலிவு டயர் போட்டார், அதுதான் ஆளைக் கொண்டுபோனது." நம் மகள் ஷிராணி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். வாசலில் வைத்து, "மம்மி, செத்த ஆளால திருப்பிக் கதைக்க ஏலாது எண்டுதானே இப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் பாரந்தூக்கி இயக்கிய மனிதருக்குத் தன் சொந்த வேன் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாமல் போனதே என்று நான் ஊரெல்லாம் வியந்தேன். நல்ல வசனம் என்று நினைத்தே சொன்னேன். கொன்வென்ட்டில் எங்களுக்கு வசனம் அமைக்க நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

வேன் இன்னும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நம் ஒழுங்கைக்குள் அது நுழையாது என்பதால் ஹெந்தளையில் ஷிராணியின் வளவில்தான் எப்போதும் போல நிற்கிறது. நீங்கள் செய்த கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, பின்னால் அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கி, எல்லாம் அப்படியே. கறையான் கூட எட்டிப் பார்க்கவில்லை.

போன மாதம் ஷிராணி ஃபோன் எடுத்தாள். "மம்மி, இந்த வருசம் மடு மாதா திருவிழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேனில போறம். டடாட வேன். சும்மா நிண்டு துருப்பிடிக்க விடமாட்டன்." அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள். நான் சொன்னேன்: "போ. ஆனா டயர் நான் பார்த்து வாங்குவன். அதுக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைகள் ஏறலாம்." அவள் சிரித்தாள். இனிமையான சிரிப்பல்ல. "ஓம், மம்மி. பிழை பிடிக்க உங்களை விட்டா ஆர்?"

அப்படித்தான் ஹெந்தளையில் நீங்கள் வழக்கமாகப் போகும் டயர்க் கடைக்குப் போனேன். முதலாளி மஹ்ரூபை உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் முதல் தடவை. வயதான மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஷிராணியின் கணவர் வேனை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கதிரையில் இருக்க மறுத்து, பக்கத்தில் நின்றேன்.

மஹ்ரூப் குனிந்து டயரின் பக்கச் சுவரை விரலால் அழுத்தினார். முடி போன்ற வெடிப்புகள் விரிந்தன. "மேடம், வரியெல்லாம் புதுசு மாதிரி ஈக்கி. ஆனா ஒரே எடத்துல நிண்டு நிண்டு செத்துப் போச்சு. நாலும் மாத்தணும். உதிரி டயரும்தான்."

"என்ன டயர் போடவேண்டும், ஏன் போடவேண்டும், இரண்டும் சொல்லுங்கள்," என்றேன். கொப்பி கொண்டுபோயிருந்தேன். அவர் சலிக்காமல் சொன்னார், நான் எழுதினேன். வேனுக்கு என்று செய்த டயர் வேண்டும். அளவின் கடைசியில் 'சி' என்ற எழுத்து இருக்கும். பக்கச் சுவர் தடிப்பு, பாரம் தாங்கும். கார் டயர் அதே அளவில் வந்தாலும் ஆகாது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்று அளவு, வேன் வெறும் வேனாக இருந்த காலத்துக்கு எழுதியது. கட்டிலும் தண்ணீரும் ஏற்றிய பிறகு நிறுத்துப் பார்க்காமல் அதை நம்பக்கூடாது. காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். டயரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் செய்த கிழமை, மற்ற இரண்டும் வருடம்.

அந்த நான்கு இலக்கத்தைக் கேட்டதும் கடையில் இருந்த டயர்களை எல்லாம் உருட்டிக் கொண்டுவரச் சொன்னேன். பத்துக்கும் மேல் பார்த்தேன். பழசு, பழசு, இது போன வருடத்துக்கு முந்தினது, வேண்டாம். மஹ்ரூப் நெற்றியைத் துடைத்தார். "மேடம், நீங்க மாப்பிள்ளை பாக்குறப்பவும் இப்பிடித்தானா?"

"அதில்தான் பிழை விட்டேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க சேவியர் ஐயாட நோனாவா?"

"ஓம். இந்த மலிவு டயரை அவருக்கு விற்றது நீங்களா?"

"மலிவா? அல்லாவே!" என்றார். "ஐயா விலையே கேக்கல்ல. நான் வேன் டயர்தான் எடுத்து வெச்சேன். அவர்தான் வாணாண்டு சென்னார். 'அது இறுக்கம், மஹ்ரூப். என்ட வைஃபுக்கு முதுகு நோவுது. மெத்தை மாதிரி ஓடுற கார் டயர் தா' எண்டார். நான் சண்டையே புடிச்சேன், மேடம்."

நான் கொப்பியை மூடினேன்.

தலவிலைக் கோயிலுக்குப் போய் வந்த அந்த முதல் பயணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? போகவர நான் வாய் மூடவில்லை. பெட்டிக்குள் போட்டு உலுப்பினது போல இருக்கிறது என்றேன், இனி இந்த வேனில் கால் வைக்கமாட்டேன் என்றேன். அடுத்த பயணம் குலுக்கல் குறைவாக இருந்தது. உங்களுக்கு ஓடப் பழகிவிட்டது என்று நினைத்தேன். நன்றாக ஓடுகிறீர்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

மஹ்ரூப் இன்னும் சொன்னார். மடுவுக்குப் புறப்பட முதல் நாள் நீங்கள் வேனைக் கொண்டுவந்தீர்களாம். இந்தப் பாரத்துக்கு இந்த டயருக்கு நாற்பத்தைந்து இறாத்தல் காற்றாவது வேண்டும் என்று அவர் அடித்தாராம். நீங்கள் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முப்பதுக்கு இறக்கச் சொன்னீர்களாம். "நான் சென்னேன், ஐயா, காத்துக் கொறைஞ்சா டயர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறும், வெடிக்கும். அவர் சென்னார், 'எனக்குத் தெரியும் மஹ்ரூப், பாரத்தோடதானே முப்பத்துநாலு வருசம் பொழைச்சேன். வேகம் நாப்பதுக்கு மேல ஓடமாட்டேன். மெதுவாப் போனா ஒண்டும் ஆவாது.'"

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் நான் மட்டும் இல்லை.

வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மடுத் திருவிழாவுக்கு எல்லோரும் மரத்தின் கீழ் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். நான் தரையில் படுக்கமாட்டேன், வரிசையில் நின்று பொதுக் குழாயில் குளிக்கமாட்டேன். அதற்காகத்தான் அந்தக் கட்டில், அதற்காகத்தான் விளிம்பு வரை நிரப்பிய அந்தத் தாங்கி. அன்று சிலாபம் தாண்டியதும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "என்ன மாட்டு வண்டியா ஓடுறீங்க? பின்னேர வேஸ்பர் ஆராதனை முடிஞ்சுதான் போய்ச் சேருவம் போல." நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். ஏதோ சொல்லப்போகிறவர் போல வாய் திறந்து, பிறகு, "சரி, பிலோ," என்றீர்கள். வேன் வேகமெடுத்தது.

முந்தல் வர முன் பின் டயர் வெடித்தது. நீங்கள் வேனைக் கவிழவிடாமல் ஓரத்துக்குக் கொண்டுவந்தீர்கள். நல்ல வெயில். "ஒண்டுமில்ல, கால் மணித்தியால வேலை," என்று இறங்கினீர்கள். நான் யன்னலால் தலையை நீட்டிச் சொன்னேன்: "ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யத் தெரியுமா உங்களுக்கு?"

நான் உங்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தை அது. சில்லின் சுரை, அந்த நட்டு, கழற்ற ஏலாதபடி இறுகியிருந்தது. நீங்கள் சில்லில் தலையைச் சாய்த்தபடி இருந்தீர்கள். எதையோ உற்றுப் பார்க்கிறீர்கள் என்று நான் செபமாலையைத் தொடர்ந்தேன். ஒரு லொறிக்காரர் நிறுத்தி, ஓடிவந்து உங்கள் தோளைத் தொட்டார். "நோனா, மஹத்தயாட்ட அசனீபய்!" என்று கத்தினார், ஐயாவுக்குச் சுகமில்லை என்று. அப்போதுதான் நான் இறங்கினேன். வெயிலில் அந்தச் சுரையோடு மல்லுக்கட்டிய உங்கள் இதயம் அதற்குள் நின்றுவிட்டது.

இவ்வளவையும் எழுதிவிட்டதால் கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். சேவியர், உங்களுக்கு வாய் இல்லையா? "பிலோ, காற்றுக் குறைத்திருக்கிறேன், வேகமாகப் போக ஏலாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் முகத்தைத் தூக்கிவைத்திருப்பேன். புத்தளம் வரை குறை சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே? குலுக்கலைத் தாங்கமாட்டாதவள் என்று என்னைப் பற்றி முடிவெடுத்தீர்கள். சரி. உண்மையையும் தாங்கமாட்டாதவள் என்று யார் சொன்னது? நாற்பத்தொரு வருடம் எத்தனை தடவை இப்படி வாய் திறந்து மூடினீர்கள்? எத்தனையில் நான் பிழையாக இருந்தேன்? இனி யாரிடம் கேட்பேன்?

நீங்கள் என்னோடு உடன்படுகிறீர்கள் என்று நான் நினைத்திருந்தேன். என் வாய்க்குப் பயந்து இருந்திருக்கிறீர்கள். அதற்கு அன்பு என்று பெயர் வைத்தால் மஹ்ரூப் ஏற்றுக்கொள்வார். என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

வேலையை முடித்துவிட்டேன். ஐந்து புது டயர், எல்லாம் 'சி' எழுத்து, எல்லாம் இந்த வருடம் செய்தது. தாங்கியில் தண்ணீரும் காஸும் சாமானும் ஏற்றி, பேலியகொடையில் லொறி நிறுக்கும் தராசில் முன் சில்லு வேறாக, பின் சில்லு வேறாக நிறுத்தோம். முன்னால் நாற்பத்தைந்து, பின்னால் அறுபது என்று மஹ்ரூப் தீர்மானித்தார். காற்று அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினேன். நன்றாகக் குலுக்குகிறது. குலுக்கட்டும்.

ஷிராணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தந்தை மலிவு டயரால் செத்தார் என்று இரண்டு வருடம் அவளுக்குச் சொன்னவள் நான். இப்போது அவள் முன் நின்று, 'அவர் எனக்காகக் காற்றை இறக்கினார், நான் அவரை விரட்டினேன்' என்று சொல்லவேண்டும். நேற்று ஹெந்தளைக்குப் போனேன். அவள் தேநீர் தந்தாள். குடித்துவிட்டு, டயர்ச் செலவைப் பற்றிப் பேசிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது: நானும் உங்களைப் போலவே வாய் திறந்து மூடியிருக்கிறேன்.

ஆகவே இது என் வாக்கு. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, முதலிலிருந்து கடைசி வரை, அந்தக் கடைசி வார்த்தை உட்பட, என் வாயாலேயே சொல்வேன். சொன்ன பிறகுதான் இந்தக் கடிதம் சஞ்சிகைக்குப் போகும். அச்சில் இது வந்திருந்தால், நான் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள்ளுங்கள். அவள் என்னை மன்னிப்பாளோ தெரியாது. உங்களைப் போல உடனே மன்னிக்காமல், என்னோடு நன்றாகச் சண்டை பிடித்தால் போதும்.

உங்கள் மனைவி, ஷிராணியின் தாய்,
பிலோமினா