அம்மாவுக்கு மட்டும் போடாத அட்டை

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்டுவிட்டு, இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம். முதல் வரி எழுதிவிட்டேன், இரண்டாவதுக்குக் கை வரவில்லை. பதறாதே, உட்கார்ந்து முழுவதும் படி. வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய், போன் என்றால் உன் குரல் கேட்டதும் ஏதாவது கிண்டல் பண்ணி மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. எங்கள் வைத்தியசாலையில் ரத்தம் பரிசோதிக்கிற பெண்ணின் தங்கை நாளைக்கு நீ இருக்கிற ஊருக்குத் திரும்புகிறாள், உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வைத்தியசாலையில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். வைத்தியர் பார்ப்பதற்கு முன்னால் வந்தவரை முன்னறையில் உட்காரவைத்து, எடை பார்த்து, உடம்பின் இயல்பைக் கண்டுபிடிக்கிற அட்டையில் கேள்விகளுக்குப் பதில் எழுதி உள்ளே அனுப்புவேன். பசி எப்படி, தூக்கம் எப்படி, தோல் வறட்சியா எண்ணெய்ப் பசையா, ஒரு கஷ்டம் வந்தால் மனசு எதில் போய் விழும், பயத்திலா, கோபத்திலா, இல்லை எதையும் விடமுடியாத பிடிப்பிலா. பயம் என்றால் வாதம், கோபம் என்றால் பித்தம், பிடிப்பு என்றால் கபம், பொதுவாக அப்படித்தான் கணக்கு. முப்பத்திரண்டு வருஷம் இதையே எழுதி எழுதி, ஆள் கதவைத் தள்ளுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம் வந்துவிட்டது. உன்னை நாலு வயசிலேயே வாதம் என்றேன், ஓர் இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தித் திரிந்ததால்தானே குருவி என்று பெயரே வைத்தேன். மாடிவீட்டு டீச்சர் பித்தம், எதிர்வீட்டுத் தச்சர் கபம், அவருடைய நாயும் கபம் என்று சொல்லி உன்னைச் சிரிக்கவைப்பேன், நினைவிருக்கா. உன் அம்மா பித்தம் என்று கல்யாணமான முதல் மாசமே முடிவுகட்டிவிட்டேன். முகம் சிவக்கும், படாரென்று கதவைச் சாத்துவாள், பேச்சை நிறுத்திவிடுவாள், வேறென்ன வேண்டும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அட்டை போட்டேன், அவளை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. கூடவே இருக்கிறவளைத் தெரியாதா என்கிற திமிர்தான்.

வெளிநாட்டு வேலை கிடைத்ததை நீ கிளம்புவதற்கு நாலு நாளைக்கு முன்னால்தான் சொன்னாய். அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திய உன் அம்மா, நீ பெட்டியோடு வாசலில் நின்றபோதும் வெளியே வரவில்லை. வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், நீ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது உன்னிடம் என்ன சொன்னேன், அம்மாவுக்குப் பித்த உடம்பு, சூடு தணியட்டும், நானே சொல்கிறேன், அதுவரை அவளுக்குப் போன் பண்ணாதே என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். நீயும் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். எட்டு மாசமாக வைத்தியசாலைப் போனிலிருந்து உன்னிடம் பேசுகிறேன், ஒவ்வொரு தடவையும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய், இன்னும் ஆறவில்லை என்பேன். அவளும் உன்னைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதையும் கோபத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

இந்த நாட்களில்தான் நெஞ்சு எரிகிறது என்றாள், சாப்பாடு இறங்கவில்லை என்றாள். பித்தம் ஏறியிருக்கிறது, மகள்மேல் இருக்கும் கோபம்தான் வயிற்றை எரிக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதி, வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அலமாரியிலிருந்து பித்தச் சூரணத்தைப் பொட்டலமாக மடித்து எடுத்துவந்து கொடுத்தேன். அவளும் கேள்வி கேட்காமல் குடித்தாள். ஜாக்கெட் தோளில் தொங்க ஆரம்பித்தது, அவளே இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொண்டாள். வேலை பார்க்கிற திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும்போது மயங்கி விழுந்தாள் என்று முதலாளியம்மா போன் பண்ணிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வைத்தியரிடம் கூட்டிப்போனேன். புது அட்டையை எடுத்து அவரே கேள்வி கேட்டார், நான் பழக்க தோஷத்தில் அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். கோபம் வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார், மாசக்கணக்கா இருக்கும் என்று முந்திக்கொண்டேன். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவங்க சொல்லட்டும் என்றார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, எனக்குக் கோபமே வராதுங்க, பயம்தான் வரும், பயம் வந்தா பேச்சே வராது, இவரு அதைக் கோபம்னு நெனச்சுக்குவாரு என்றாள். அன்னிக்குக் கதவைத் திறந்திருந்தா போகாதேன்னு காலைப் பிடிச்சிருப்பேன், அவ பொழப்பு கெட்டுடுமேன்னு உள்ளேயே உட்கார்ந்துட்டேன் என்றாள். அதுக்கப்புறம் அவ எனக்குப் போனே பண்ணலை, அவளுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு போல என்றும் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவன், குருவி, அன்றைக்குத்தான் இது எனக்குத் தெரிந்தது.

எரிச்சலும் மெலிவும் பிறவி இயல்பே இல்லை, புதுசாக வந்தது, இதுக்கு என் மருந்து போதாது என்று வைத்தியர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். சூரணத்தைப் பற்றி அவரிடம் சொல்லி அழுதேன், அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி, நல்ல கட்டி இல்லை. வருகிற இருபத்திரண்டாம் தேதி காலையில் ஆபரேஷன். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டார். குணமாகும் என்று சொல்லவில்லை, திறந்து பார்த்துத்தான் சொல்லமுடியும் என்கிறார். அவளுக்கு எல்லாம் தெரியும், நேற்று உட்கார்ந்து எனக்கு வாஷிங் மெஷின் போடக் கற்றுக்கொடுத்தாள், எந்தப் பொத்தானை அமுக்குவது என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். எனக்கு எதற்கு இது என்று கத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

உனக்கு நான் செய்தது மன்னிக்கிற காரியமா என்று தெரியவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்னைத் திட்ட நாள் இருக்கிறது. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, அது அவளுக்கு இன்னொரு பயம். வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பில் ஏதாவது ஒன்று என்றால் இயல்பு என்று விடாமல் டாக்டரிடம் காட்டு, அப்பா சொல்வதைக் கேட்காதே. நீ நல்லா இருக்க வேண்டும் கண்ணு, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, இருபத்திரண்டுக்கு முன்னால் போன் பண்ணு, எனக்கு இல்லை, அவள் நம்பருக்கு. எடுத்ததும் பேசமாட்டாள், மூச்சுச் சத்தம்தான் கேட்கும். கோபம் என்று நினைத்து வைத்துவிடாதே. பயந்துபோய் நிற்கிறாள், நீயே முதலில் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா