அண்ணன் வைத்த சலாம்

1920 மார்ச் 12, ஆம்பூர், இரவு ஒன்பதரை. பட்டாளத்தில் ஊனமானதற்கு அண்ணன் கேட்ட பென்ஷன், பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர் எழுதிய ஒரே வரியில் தள்ளுபடி: "வலது கை நன்றாக இயங்குகிறது." சண்டையில் குண்டு பாய்ந்தது அந்தத் தோளில்தான். தலை வாரக்கூட அண்ணிதான் வர வேண்டும்.

"டாக்டர்கிட்ட இன்னாண்ணா பண்ணே?"

"துரைக்கு சலாம் வெச்சேன்."

"எந்தக் கையால?"

"சிப்பாய் இடது கையால வெப்பானாடா, மடையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருக்கிறார். டாக்டர் அதைப் பார்த்தே எழுதிவிட்டார். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. நான் ரிப்பேர் பார்க்கும் மெஷினோ, மனுவோ, கோளாறு எங்கே என்று தெரிந்தால் சரிசெய்யலாம்.

1. நாளை வேலூர் போய் அப்பீல் கொடுக்க வேண்டும்.
2. அண்ணனால் ஒரு ஈரத்தோலைக்கூடத் தூக்க முடியவில்லை என்று அவர் வேலைக்குப் போன தோல் பதனிடும் ஷாப் மேஸ்திரியிடம் எழுதி வாங்க வேண்டும்.
3. மறுபரிசோதனைக்குள் "வலிக்குது" என்று வாய்விட்டுச் சொல்ல அவரைப் பழக்க வேண்டும். இதுதான் கஷ்டம்.